புஷ்பம் சொன்ன ஜெபக்குறிப்பு

புஷ்பம் போய்விட்டாள். காலை ஏழு மணிக்கு அவள் மகள் ஷீபா போன் செய்து, "ஆன்ட்டி, மம்மி எக்ஸ்பயர் ஆயிட்டாங்க" என்றாள்.

லேபர் கேம்ப் பகுதியில் குடியிருந்த புஷ்பம். நம் சபையில் எந்தப் பாட்டானாலும் ஆர்கனுக்கு அரை வரி முன்னால் ஓடும் அந்தக் குரல்... அவள்தான்.

என் பழைய மாணவர்கள் பலர் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள். ஆர்.ஐ.பி. என்று மூன்று எழுத்தைப் போட்டுவிட்டு நகர வேண்டாம். முழுதும் படியுங்கள்.

நல்லவள், பக்தியுள்ளவள் என்று மட்டும் எழுதி முடிக்க என்னால் ஆகாது. அவள் எனக்குத் துரோகம் செய்தாள்.

பத்து வருஷத்துக்கு முன் என் கணவர் சாமுவேல் மாட்டுங்காவில் ஓர் ஆஸ்பத்திரியில், வென்டிலேட்டரில் கிடந்தார். புஷ்பம் அங்கே வார்டு ஆயா.

ஒரு நாள் பழம் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். கண் திறக்காத மனிதருக்கு எதற்குப் பழம்... தெரியாது. போகிற வழியில் ஒரு கோவில் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

கான்வென்டில் படித்தவள். முப்பது வருஷம் சண்டே ஸ்கூலில் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவள். அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன்.

அர்ச்சகர் பெயர் கேட்டார். சாமுவேல் என்றேன். நட்சத்திரம் தெரியாது என்றேன். "பரவாயில்லை மாமி" என்றவர், மந்திரத்தின் நடுவே அந்தப் பெயரைத் தெளிவாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அப்போது பெட் நம்பர்தான் பெயர்.

விபூதிப் பொட்டலத்தை அவருடைய தலையணைக்கு அடியில் வைத்தேன். மறுநாள் ஷீட் மாற்ற வந்த புஷ்பத்தின் கையில் அது அகப்பட்டது.

என்னைப் பார்த்தாள். பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்து, தலையணையைச் சரிசெய்தாள். "யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன் டீச்சர். நீங்க சாப்ட்டீங்களா?"

நான்காம் நாள் அவர் போய்விட்டார். அவரைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, தலை வாரிவிட்டவள் புஷ்பம். வேறு ஆயாக்களைத் தொட விடவில்லை. அந்தக் கையே துரோகமும் செய்தது என்பதால்தான் இன்னும் ஆறவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம். பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டிருக்கிறார்கள். புஷ்பம் எழுந்து, டீச்சர் மனசு ஒடிந்து கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டார், ஆண்டவர் அவரை மன்னிக்க ஜெபிப்போம் என்றாளாம். அழுதுகொண்டே சொன்னாளாம்.

நம் சபையில் ஒரு வீட்டு விஷயம் பரவ வேண்டுமென்றால் அதை ஜெபக்குறிப்பாக்கினால் போதும். சாயங்காலத்துக்குள் ஆண்டாப் ஹில்லிலிருந்து செம்பூர் வரை எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

போதகர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். சபையார் முன் எழுந்து ஒரு வார்த்தை அறிக்கையிட்டால் போதும், அதுவரை திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்க வேண்டாம் என்றார்.

முடியாது என்றேன். தேவனிடம் நேராகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

உண்மையில் தேவனிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கடைசி பெஞ்ச். சுவரோரம் நான். சில வாரம் கழித்து அதே பெஞ்சில் நடைபாதை ஓரமாகப் புஷ்பம் வந்து உட்கார்ந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறுகளில் எல்லோரும் எழுந்து திருவிருந்துக்குப் போவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். அவளும் உட்கார்ந்திருப்பாள்.

எனக்குக் காவல் இருக்கிறாள் என்று நினைத்தேன். நான் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தாள். மைக்கில். டீச்சர் கோவிலுக்குப் போனதை வெளியே சொன்ன பாவி நான்தான், டீச்சர் என்னை மன்னிக்க வேண்டும் என்றாள்.

அதுவரை விஷயம் தெரியாமல் இருந்த புதுக் குடும்பங்களுக்கும் தெரிந்தது. என் மருமகளுக்கும் அன்றுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதில்கூட... புஷ்பம்!

வெளியே வந்ததும் அவளை நிறுத்தி, முதல் தடவை சொன்னது போதாதா என்று கேட்டேன்.

"சபைல வச்சு செஞ்ச தப்பு. சபைலதான டீச்சர் சொல்லணும்?"

ஆட்டோவில் ஏறினேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இன்று போனில் ஷீபா இன்னொன்றும் சொன்னாள். போன வாரம், படுக்கையில் கிடந்த புஷ்பத்துக்காகப் போதகர் அவர்கள் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுபோனாராம். புஷ்பம் வாயைத் திறக்கவில்லையாம்.

"டீச்சர் எடுத்துட்டாங்களான்னு கேட்டாங்க ஆன்ட்டி. பாஸ்டர் நஹின்னு தலைய ஆட்டினாரு. அப்ப அவங்களோட சேந்தே எடுக்கேன்னுட்டாங்க. பத்து வருஷமா அப்டித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

என் ரகசியத்தைச் சபைக்கே சொன்னவள், இந்த ஒன்றை மட்டும் என்னிடம் மூச்சு விடவில்லை. பத்து வருஷம், ஒரே பெஞ்சில்...

இதையும் துரோகம் என்றுதான் சொல்வேன். இனி யாரிடம் போய்க் கேட்பது.

சபையார் பலர் இங்கே இருக்கிறீர்கள். அன்று எழுந்து சொல்ல மறுத்ததை இப்போது சொல்கிறேன். போனேன். என் தேவனை நம்பாமல் போனேன். பிறகு வீம்புக்காக அவருக்கும் முகம் கொடுக்காமல் இருந்தேன். ஜெபக்குறிப்பாக யாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நானே சொல்லியாயிற்று.

நாளை காலை பதினொரு மணிக்கு அடக்கம். சாமுவேலுக்கு அவள் செய்ததைப் போல, அவளுக்கு நான் தலை வாரிவிடப் போகிறேன். ஷீபாவிடம் கேட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிறு, முதல் ஞாயிறு.

சுவரோரத்திலிருந்து எழுந்தால் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும், புஷ்பம். காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்.