என் பங்குக்கு நாலு மடவை

இன்று பழவேற்காடு ஏரியில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். சுற்றுச்சூழல் பொறியாளருக்குச் சொந்தப் படகு ஏது? மீன் பிடிக்கக் கிளம்பிய ஏழுமலை அண்ணன் படகில் தொற்றிக்கொண்டேன்.

ஆலைக் கழிவு கலக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டில்களை நிரப்பினேன். முடிவு வர நாளாகும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்பது அலுவலக உத்தரவு.

அண்ணன் வலையை இழுத்துக் கரைக்குத் திரும்பியபோது, மீன் வாங்கிப் பொன்னேரியில் விற்கும் பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் கூடையை நீட்டவில்லை. போன வாரம் மீன் செத்து மிதந்ததிலிருந்து அவர்களுக்குப் பயம்.

இங்கே படகில் யார் ஏறினாலும் கறிக்கென்று ஒரு பங்கு மீன் உண்டு. அண்ணன் நாலு மடவையைப் பையில் போட்டு நீட்டினார். எனக்குக் கை எழவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "வேணான்னு மட்டும் சொல்லிடாத சார். அல்லாரும் உன்னையே பாக்கறாங்க."

வாங்கிக்கொண்டேன்.

"தண்ணி டெஸ்ட் பண்ற சாரே எடுத்துக்கினாரு, அப்புறம் இன்னா!" என்று ஒரு அக்கா சிரித்தார். மளமளவென்று கூடைகள் நிரம்பின. சாயங்காலம் பொன்னேரி அடுப்புகளில் எல்லாம் இந்த மீன்தான் கொதிக்கும்.

என் அறிக்கையில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஊர் அதைப் படித்து முடித்துவிட்டது.

டச்சுக் கல்லறை எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஒரு கையில் பாட்டில்கள், மறு கையில் மடவை.

பக்கத்தில் நிற்கும் அம்மா பையை எட்டிப் பார்த்துக் கேட்கிறார்: "மீனு நல்லா கீதா சார்?"

பஸ் வருவதற்குள் யாராவது ஒரு பதில் சொல்லுங்களேன்.