ஸரீனா ராத்தா சொல்லாத மிச்சம்

இன்று வாசகர் வட்டத்துக்குப் போகையில் கிண்ணியாப் பாலத்தில் பஸ் நிற்க, டீசலும் உப்புக் காற்றும் கலந்து மூக்கில் ஏறியது. பாலம் வருமுன் ஆட்களையும் வாகனங்களையும் சுமந்து இதே கடலை ஊர்ந்து கடந்த படகை நாங்கள் ‘பாதை’ என்போம். அதன் நடுங்கும் இரும்புத் தளத்தில், ஈரக் கயிற்றுச் சுருளின்மேல் குந்தியபடி, டியூஷனுக்குப் போகும் வழியெல்லாம், பக்கத்து வீட்டு ஸரீனா ராத்தா, தான் வாசித்த, அட்டை கிழிந்து பெயர் போன சிறுவர் புத்தகங்களின் கதையை எனக்குச் சொல்லிக்கொண்டு வருவார்.

பாதை கரை தட்டியதும் எழுந்துவிடுவார். “புத்தகத்த நாளைக்குக் கொண்டாறன். மிச்சத்த நீயே வாசி புள்ள.”

கடைசிக் கதையில், தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடி ஒரு சிறுமி பனிமூட்டத்துக்குள் தோணி வலித்துப் போனாள். அதைச் சொன்ன மறுநாள் கடல் ஊருக்குள் வந்து ராத்தாவைக் கொண்டுபோனது. அந்தச் சிறுமியை எத்தனையோ நூலகங்களில் தேடியிருக்கிறேன்.

வாசகர் வட்டத்தில், பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, எனக்குத் தெரிந்த பாதியைச் சொன்னேன்.

“ஓம், அது எங்கட அலுமாரிக்குள்ள கிடக்கு,” என்றார் ஓர் ஆசிரியை. “நாளைக்குக் கொண்டாறன்.”

“வேணாம் டீச்சர்,” என்றேன்.

அந்தத் தோணி கரை தட்டினால் ராத்தா எழுந்து போய்விடுவார்.