பிஸ்கட் ரின்னுக்குள் இருந்த பன்னிரண்டு ரோல்

மொன்றியலுக்கு வந்த முதல் வருசம். கோட்-டெ-நெய்ஜ் என்கிற பகுதியில் மூன்றாம் மாடி. நானும் மன்னார் அண்ணை ஒருவரும் இருந்தோம். இரண்டு பேருக்கும் அகதி வழக்கு முடியவில்லை.

பக்கத்து வீட்டில் லெசோத்தோக்காரன் ஒருவன். ஆபிரிக்காவில் மலைநாடு. பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவன். தன் சனத்தைப் பசோத்தோ என்பான். வருமுன் ஒரு வருசம் மலை மலையாக நடந்து அந்தச் சனத்தைப் படம் எடுத்திருக்கிறான். கொஞ்சம்தான் கழுவியிருந்தான். அதைக் காட்டினான். கம்பளி போர்த்துக் குதிரையில் போகிற மேய்ப்பர்கள். கூம்புத் தொப்பி. மண்சுவரில் பெண்கள் விரலால் கீறிய கோலம்.

மிச்சம் பன்னிரண்டு பிலிம் ரோல். கழுவக் காசில்லை. அவனுடைய பிரிட்ஜும் பழுது. பிஸ்கட் வந்த தகர ரின்னில் போட்டு எங்களிடம் தந்தான். குளிரில் இருக்கவேணும், வெளிச்சம் பட்டால் படம் அழிந்துவிடும், திறக்கக் கூடாது என்றான்.

"மீனுக்குப் பக்கத்தில வையும் தம்பி. படம் நல்லா மணக்கும்," என்றார் அண்ணை.

ஒரு சனிக்கிழமை காலை. அவன் வெளியே போயிருந்தான். யன்னலால் பார்த்தேன். சீருடை போட்ட மூன்று பேர் கட்டடத்துக்குள் வந்தார்கள். கீழே கதவு கதவாகத் தட்டுகிற சத்தம்.

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு இப்படித்தான். படம் ஒன்று அகப்பட்டால் அதில் நிற்கிற அத்தனை பேரையும் தேடுவார்கள். என் கலியாணப் படங்களையே அடுப்பில் போட்டவன் நான். மாப்பிள்ளைத் தோழன் இயக்கத்துக்குப் போய்விட்டான். கை பழகிவிட்டது.

"பேசாமல் இரும். இது கனடா," என்றார் அண்ணை.

கேட்கவில்லை. போத்தல் திறப்பானால் ரோல்களின் மூடியைக் கழற்றினேன். பிலிமை இழுத்து வெளிச்சத்தில் விரித்தேன். பன்னிரண்டும். அந்தச் சனத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் கதவும் தட்டுப்பட்டது. நெருப்பணைக்கிற ஆட்கள். புகை வந்தால் கத்துகிற மணியை அமத்திப் பார்த்தார்கள். மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பின்னேரம் அவன் வந்தான். மேசையில் கிடந்ததைப் பார்த்தான். "பொலிஸ்," என்றேன். மிச்சத்தை அண்ணை தன்ரை இங்கிலிசில் விளங்கப்படுத்தினார்.

அவன் சொன்னதை அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார். "தங்கட ஊரிலயும் பொலிஸ் வருமாம். படங்களைச் சோளமா மூட்டைக்குள்ள ஒளிப்பினமாம். அழிக்கிறேல்லையாம்."

அவன் கதிரையில் இருந்தான். ஒவ்வொரு ரோலிலும் இலக்கம் எழுதியிருந்தது. எடுத்து எடுத்து அதில் என்ன இருந்தது என்று சொன்னான். ஒன்று, பனியில் ஆட்டுக்குட்டியைக் கம்பளிக்குள் வைத்திருந்த மேய்ப்பன். இரண்டு, சுவர் பூசுகிற அவனுடைய பெரியம்மா. ஏழில் நின்றான். இதில் என்ன என்று ஞாபகமில்லை என்றான். மற்ற ஐந்தையும் தொடவில்லை. வெறும் ரின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த கோடையில் வேறு ஊருக்கு மாறினான். அதுவரை படியில் கண்டால் பொன்ஜூர் சொல்வான். நானும் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்கிற சொறி என்கிற இங்கிலிஸ் சொல் எனக்கு ஊரிலேயே தெரியும். அவனுக்குச் சொல்லவில்லை.