கடல் நீரில் அலசிய கத்தி

1944 மாசியில், தாதியாக இருந்த நான், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போனேன். அங்கே பிறந்த ஏழாம் நாள் குழந்தைகள் வாய் இறுகி வலிப்புக் கண்டு இறக்கின்றன, காரணம் தாய்மாரின் அறியாமை என்றார் மேலதிகாரி. அவர்களைக் கேட்காமல் இவருக்கு எப்படித் தெரியும் என்ற கோபத்தில்தான் கிளம்பினேன். ஊர்ப்பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள்.

காலை ஆறரைக்குக் கரி பஸ், யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரி எரித்து ஓட்டுவது. ஆத்தூர் வரை பதினைந்து மைல், ஆறணா, இரண்டரை மணி நேரம். இரண்டு முறை இறங்கித் தள்ளினோம். பிறகு மாட்டுவண்டியில் நாலு மைல், எட்டணா.

"பொம்பள காரியத்த ஊருக்குள்ள பேசப் போறியளா? ஊர்ப்பெரியவரு விரட்டிருவாருல்லா" என்றார் வண்டிக்காரர்.

"விரட்டட்டும் அண்ணாச்சி. நடந்து திரும்பிக்கிடுதேன்."

மாதா கோயில் முற்றத்தில், கொண்டுபோன பிள்ளைப்பேற்றுப் படங்களை மாட்டிப் பேசினேன். முன்வரிசை முழுக்க ஆண்கள். ஒரு பெண்ணும் வாய் திறக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மறுநாள் கருவாடு காயும் மணலுக்குப் போய், பெண்களோடு மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டேன். மீன் கத்தியைக் கடல் நீரில் அலசித்தான் தொப்புள்கொடியை அறுக்கிறார்களாம்.

"கடத்தண்ணிய விடச் சுத்தம் எது இருக்கு?" என்றார் மருத்துவச்சி சந்தியம்மாள்.

நான் வாதாடவில்லை. மணலில் இரண்டு வட்டம் போட்டேன். கடலில் அலசிய கத்திக்கு ஒன்று. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்ட சிலர் கத்தியைக் கொதிக்க வைப்பார்கள், அதற்கு ஒன்று. பிழைத்த பிள்ளைக்கு வெள்ளைச் சிப்பி, இறந்ததற்குக் கறுப்பு. எல்லாரும் வைத்து முடித்தபோது கொதிநீர் வட்டம் வெள்ளையாக இருந்தது. மற்றதில் கிடந்த கறுப்பைப் பார்க்க முடியவில்லை.

"இம்புட்டும் என் கையாலயா?" என்றார் சந்தியம்மாள்.

அதற்குள் ஊர்ப்பெரியவர் வந்துவிட்டார். "கூட்டங்கூடி என்னளா பேச்சு? கலைஞ்சு போங்க!"

நிறைமாதமாக இருந்த ரெஜினா கறுப்பு வட்டத்தின் முன்னால் போய் நின்றாள். "எம்புள்ளைய ரெண்டும் இங்கனதான் கெடக்கு. மிதிச்சிட்டு வாரும், பாப்பம்."

அவர் திரும்பிப் போய்விட்டார். நாலாம் நாள் ரெஜினாவுக்கு வலி கண்டது. மாமியார் தடுத்தும் கேளாமல், சந்தியம்மாளே பானையில் கத்தியைப் போட்டு அடுப்பில் ஏற்றினார். பிள்ளை பிறந்த பின் ஏழு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

இப்படிப் போகப்போகும் தாதிகளே, குடிதண்ணீர் கொண்டுபோங்கள். ஊரில் கிணறு உப்பு. படங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய், முதலில் கேளுங்கள். யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்காதீர்கள்.

எட்டாம் நாள் காலை, பேறுகாலத் தீட்டு கழியும் முன்பே, ரெஜினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நேரே ஊர்ப்பெரியவர் வீட்டு வாசலுக்குப் போனாள். பிள்ளை பசித்து வீறிட்டு அழும்வரை அங்கேயே நின்றாள்.