கசக்கினால் என்ன வாசம்

மரங்களைப் பற்றி எழுதுவதுதான் என் அத்தைக்கு வேலை. கவிதை இல்லை. மலையேறி, பட்டை சொரசொரப்பா வழவழப்பா, இலையின் அடிப்பக்கம் என்ன நிறம், காய் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எழுதி, ஒரு கிளையை ஒடித்து, அட்டைகளுக்கு நடுவே அழுத்தி, செடி ஆராய்ச்சி அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். காய்ந்த பிறகு கிளையில் எது மிஞ்சாதோ, அதைக் கட்டாயம் எழுதியாக வேண்டும். வாசமும் அப்படித்தான். இலவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்கள் பார்வைக்கு ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இலையைக் கசக்கி மோந்தால்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். அதில் அத்தை புலி. அலுவலகத்தில் அவளுக்கு 'மூக்கம்மா' என்றே பெயர்.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அந்த மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நான். என் சாக்ஸை அவள் கைப்பைக்குள் ஒளித்துவைத்தேன். என் சாக்ஸைப் பற்றித் தெருவுக்கே தெரியும். ஒரு வாரம் ஆகியும் அத்தையிடமிருந்து ஒரு திட்டுகூட வரவில்லை. பயந்துபோய் நானே கேட்டேன். "யார்கிட்டயும் உளறிடாதடா. தெரிஞ்சா மலைக்கு அனுப்ப மாட்டாங்க," என்றாள். மலைக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. மாமா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். மாமாவின் ஸ்வெட்டரை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறாள். இப்போது முகத்தை வைத்தால் கம்பளி குத்துகிறது, அவ்வளவுதான்.

இந்த மழைக்காலம் முடிந்ததும் தனியாக மலை முகட்டுக்குப் போனாள். மேகம் வந்து உட்காரும் இடம். அங்கே ஒரு குட்டை மரம். பட்டையெல்லாம் பாசி, கொழுந்து செம்பு நிறம், இலைக்கு அடியில் சாம்பல் பூசினாற்போல் வெளுப்பு, சின்னக் கிண்ணத்தில் வைத்தாற்போல் காய். பூ இல்லை. அதே முகட்டில் ஏற்கெனவே பெயருள்ள மரம் ஒன்று இதே மாதிரி இருக்கும். ஆனால் அதன் இலை நாறும். இதுவும் நாறினால் பழைய மரம். நல்ல மணம் வந்தால் இதுவரை யாரும் எழுதாத மரம்.

அத்தை இலையைக் கசக்கி மூக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. இலை வாடினால் வாசமும் போய்விடும். ஒரு கிளையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"டிக்கெட் எடுங்கக்கா," என்று வந்தார் கண்டக்டர்.

"தம்பி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்களேன்."

கண்டக்டர் ஓரடி பின்னால் போனார். "மயக்க மருந்தா? அக்கா, என் பையில வெறும் சில்லறைதான் இருக்கு!"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் இலையை வாங்கினார். "எங்க வீட்டுக்காரி தலைவலித் தைலம்," என்றார்.

"எலுமிச்சைத் தோல்," என்றாள் கைக்குழந்தைக்காரி.

"லேசா மண்ணெண்ணெய் அடிக்குதே," என்றது பின்சீட்டு.

"யோவ், மூக்கை எங்கயாச்சும் அடகு வச்சிட்டியா? எலுமிச்சைதான்யா!"

அடகு என்றதும் அத்தைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தாள். இலை கைமாறிக் கைமாறிப் போனது. எலுமிச்சைக் கட்சிதான் ஜெயித்தது. நாறுகிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"உங்களுக்கு என்னம்மா வாசம் தெரியுது?" என்று கேட்டாள் கைக்குழந்தைக்காரி.

அத்தை ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. காய்ச்சலோட போயிடுச்சு," என்றாள். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஒவ்வொருவராக அவரவர் நிறுத்தத்தில் இறங்கிப்போனார்கள். கடைசி நிறுத்தத்துக்கு அவள் மட்டும்தான்.

மறுநாள் எழுதிக்கொடுத்தாள்: 'கசக்கிய இலை எலுமிச்சைத் தோல் போல் மணக்கும் என்று பஸ்ஸில் உடன் வந்தவர்கள் கூறினர். எழுதியவருக்கு வாசம் தெரியாது.'

மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி வரியை எடுத்துடுங்கம்மா. எனக்குத் தெரிஞ்சதா இருக்க வேண்டாம்."

"எடுத்தா நான் மோந்ததா ஆயிடும், சார். மரத்து மேல பொய் எழுதக் கூடாது."

வரி இருந்தது. மலை போயிற்று. பூக்கும் காலத்தில் அந்த மரத்துக்குப் பெயர் வைக்க வேறு ஒருவர் ஏறுவார். அத்தையைக் காய்ந்த கிளைகளைத் தாளில் தைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் திறக்காத அறை. அலமாரிக்கு அலமாரி பூச்சி உருண்டை. அங்கே யாரும் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள், அதனால் யாரும் வருவதும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் நான் அங்கே போய் உட்காருவேன்.

"கண்ணு ஏண்டா கலங்குது?" என்றாள் ஒருநாள்.

"பூச்சி உருண்டை, அத்தை."

"அவ்வளவு காரமா? எப்படி இருக்கு, சொல்லேன்."

யோசித்தேன். "எங்க பள்ளிக்கூடக் கக்கூஸ் மாதிரி."

"நீ வகுப்பைவிட அதைத்தான் அதிகம் பாத்திருப்பே," என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோத்தாள்.