அம்சமும் பினாங்குக் கோழிகளும்

"வரேன், வரேன், இந்தா வந்துட்டேன், கொடத்தை எறக்கி வச்சிட்டு வரேன், எங்கடி போயிடப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே அம்சம் வாய்க்காலிலிருந்து ஏறி வருகிறாள். எதிரில் மனிதர் யாரும் இல்லை. குடிசை வாசலில் கிடக்கும் வெள்ளைப் பஞ்சுப் பொதிகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து, கால் முளைத்து, அவளை நோக்கி உருண்டு வருகின்றன. அவள் இடப்பக்கம் திரும்பிப் பேசினால் இடப்பக்கம் போகின்றன. குடத்தை இறக்கிவிட்டு மூச்சு வாங்க ஒரு கணம் பேச்சை நிறுத்தினால், அத்தனையும் நின்ற இடத்திலேயே நின்று தலையைச் சாய்த்துக் கேட்கின்றன.

முதலில் பார்க்கிறவர்களுக்கு அவை கோழி என்றே தோன்றாது. இறகு இறகாக இருக்காது. பட்டு நூலைப் பிரித்து விட்டதுபோல மயிராக, கால்விரல் வரை மூடியிருக்கும். ஊதி விலக்கினால் உள்ளே தோல் மை தடவியதுபோல் கறுப்பு. காதோரம் மட்டும் நீலம். நம் கோழிக்கு நான்கு விரல் என்றால் இதற்கு ஐந்து. வேலி உயரம்கூடப் பறக்க வராது. தலையில் ஒரு பெரிய கொண்டை, பூவாக விரிந்து கண்ணில் விழுந்து கிடப்பதால், பக்கத்தில் வருவது கீரியா வாய்க்காலுக்கு அக்கரைத் தங்கம்மாள் வீட்டு நாயா என்றுகூடத் தெரியாது.

"கண்ணு இருந்து என்னாங்க, தெரை போட்டுகிட்டுல்ல பொறந்திருக்கு. காதுதான் அதுக்குக் கண்ணு. நான் பேச்சை நிறுத்துனா அதுங்களுக்குப் பொழுது இருட்டிப் போவும்" என்பாள் அம்சம். அதனால் அவள் நிறுத்துவதில்லை. அரைக்கும்போதும் பேச்சு, முறத்தில் புடைக்கும்போதும் பேச்சு. பெரும்பாலும் திட்டுதான்: கழுதை, சிறுக்கி, ஒன் கண்ணு அவிய. கொண்டையைக் கத்தரித்துவிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கத்தரிச்சுப் பாத்தேங்க. ஒண்ணைக் கத்தரிச்சா மத்ததெல்லாம் அதைப் போட்டுக் கொத்துது. இது யாரு புது மூஞ்சின்னு நெனச்சுகிச்சோ என்னமோ."

பழக்குவது முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. அடை உட்காரும் கோழிக்கு இடம் அம்மிக்குப் பக்கத்தில். ஓட்டை உடைப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து குஞ்சு கீச்சிடும்; அம்சம் குழவியை நிறுத்தி, "சரி, சரி, அவசரம் இல்லை, மொள்ள வா" என்று பதில் சொல்வாள். பொரித்த குஞ்சைக் கையில் வைத்து மறு கையால் மூடி, தூங்கும் வரை பேசுவாள். குருணை போடும்போது மேலிருந்து கை நீட்ட யாரையும் விடமாட்டாள். "மேலேருந்து வர்ற கை பருந்துங்க. தரையோட தரையா வர்ற கைதான் ஆத்தா." இப்படி வளர்ந்த கோழி கூப்பிட்டால் மடியில் ஏறும், தெரியாதவர் தூக்கினாலும் சும்மா இருக்கும், அவள் குரல் கேட்டால் மட்டும் எதையும் உதறிவிட்டுப் புறப்படும்.

நாற்பதை ஒட்டிய வயது. கவலைப்படுவதை ஒரு வேலைபோல் ஒழுங்காகச் செய்கிறவள். விடிந்ததும் தென்னை மட்டையில் பருந்து இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு மேற்கே மேகம். நாட்டுக் கோழி உதறிவிட்டுப் போகிற தூறல் இதன் மயிரைத் தோல் வரை நனைத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் அடுப்படியில் பழைய வேட்டித் துணியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துவட்டிக்கொண்டிருப்பாள். கவலை மிஞ்சிப் போனால் முந்தானை ஓரத்திலிருந்து நூலை உருவுவாள். அவளிடம் ஓரம் முழுசாக இருக்கும் சேலையே கிடையாது. "இவ முந்தானையை வச்சே நூல் மில்லு தொடங்கிடலாம்" என்று அவள் கணவன் வைரக்கண்ணு சொல்வதுண்டு. இப்போது அவனும் அதைச் சொல்வதில்லை.

அதிராம்பட்டினத்து வியாபாரி ஜெய்னுலாபுதீன் பினாங்கில் கடை வைத்திருந்தவர். கப்பலில் ஊர் திரும்பியபோது ஒரு சேவலையும் இரண்டு பெட்டைகளையும் கூண்டோடு கொண்டுவந்து, நெல் வியாபாரப் பழக்கத்தில் இந்த ஊர்ப் பண்ணையாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். பண்ணை வீட்டு அம்மாள் மயிரை விலக்கிக் கறுப்புத் தோலைப் பார்த்தார். அன்று சாயங்காலமே கூண்டு தென்னந்தோப்புக்கு வந்துவிட்டது. தோப்பின் ஓரத்தில்தான், வைரக்கண்ணுவின் தகப்பன் காலத்திலிருந்து, பண்ணையாட்களான இவர்களுடைய குடிசை. "வளத்து வையி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வளர்த்தாள்.

பிறகு சர்க்கார் மாறியது. பண்ணையாரின் தோளில் கதர்த் துண்டு போய்க் கட்சிக் கரை போட்ட துண்டு வந்தது. உழவுத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று சட்டமும் வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் ரெத்தினம், வைரக்கண்ணுவுக்காக மனு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பண்ணை சொன்ன பதில்தான் அம்சத்தின் முந்தானையைப் பாதியாக்கியது: தோப்பில் இருப்பது வீடே இல்லை, வெளிநாட்டுக் கோழிகளுக்காகப் பண்ணை கட்டிய கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள்தான் அம்சம். கோழிக் கொட்டகைக்குச் சட்டம் செல்லாது.

"கேட்டியா அக்கா? ஒன் மாமனாரு கோழிக் கொட்டகையிலதான் குடித்தனம் பண்ணுனாராம். அப்ப வைரக்கண்ணு அண்ணன் சேவலு!" என்று ரெத்தினம் சொல்ல, டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்சம் சிரிக்கவில்லை. ஊர்க் கணக்கில் அந்த இடம் வெறும் தோப்பு என்றுதான் இருக்கிறது. அதிகாரி நேரில் வந்து கண்ணால் பார்ப்பதுதான் முடிவு. அவர் கண்ணில் முதலில் என்ன படும்?

ரெத்தினமும் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "அவரு வர்ற அன்னிக்கி ஒரு மயிரு இங்க கெடக்கக் கூடாது. கொழம்பு வச்சிடு அக்கா. சங்கத்துக்கே விருந்து."

"இதுங்களையா?"

"பின்னே என்னையா?"

வைரக்கண்ணு தலையைத் தூக்காமல், "மனை போச்சுன்னா நீயும் ஒன் கோழியும் ரோட்டு மேலதான். அப்ப யாருக்குப் பேச்சு கொடுப்ப?" என்றான்.

பண்ணையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் எல்லாவற்றையும் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். காரியஸ்தர் பஞ்சநதம் வாசலிலேயே மறித்துக்கொண்டார். "அடடே, எதுக்கும்மா இங்க சொமந்துகிட்டு வர்றே? அதுக்குன்னு கட்டுன கொட்டகைதான் தோப்புல இருக்கே" என்று, இறக்கி வைத்த கூடையை அவரே தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டார். அதுவரை அவளுக்கு அவர் ஒரு கை கொடுத்ததில்லை.

போன வாரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். உத்தரவு இன்னும் வரவில்லை.

அவர் வந்த அன்று காலையில் அம்சம் கோழிகளை வாய்க்காலுக்கு அக்கரையில், தங்கம்மாள் வீட்டு மாட்டுக் கொட்டிலில் விட்டு, ஓலைத் தட்டி வைத்து அடைத்தாள். திரும்பி வந்து வாசலில் காய்ந்திருந்த எச்சத்தைச் சுரண்டி மெழுகினாள். புழுதியில் கிடந்த வெள்ளைப் பிசிறுகளைக் குந்தியிருந்து பொறுக்கினாள். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவள் குரல் வாய்க்காலைத் தாண்டும் என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் போனபோது வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்தக் குடிசையில் அடுப்பில் சுள்ளி வெடிக்கும் சத்தத்தை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் தென்னையில் சாத்தினார். கூடவே பஞ்சநதம். தெரு ஜனத்தில் பாதி வந்து தள்ளி நின்றது.

"இங்க யாரு குடியிருக்கிறது?"

வைரக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். பஞ்சநதம், "அவன் மனு போட்டவன் சார், வேற எப்படிச் சொல்லுவான்?" என்றார்.

"நீ இருப்பா. அந்தம்மா சொல்லட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர் வைரக்கண்ணுவிடம்.

அம்சம் உதட்டை அசைத்தாள்.

"என்னம்மா? காதுல விழலியே."

மறுபடியும் அசைத்தாள். கை முந்தானை ஓரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

"பாருங்க சார், பொய் சொல்ல வாய் வரல" என்றார் பஞ்சநதம்.

ரெத்தினம் பொறுக்கமாட்டாமல், "அக்கா, சொல்லேன்! ஊரே ஒன் வாய்க்குப் பயப்படுது, இன்னிக்கின்னு பாத்து பூட்டு போட்டுகிட்டியே" என்றார். அவருக்கும் காரணம் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "கேட்டதுக்குப் பதில் இல்லைன்னு எழுதிக்கிறேன்."

அம்சம் ஒருமுறை அக்கரையைப் பார்த்தாள், பிறகு பேனாவை. "நான்தாங்க குடியிருக்கேன்" என்றாள். மெல்லத்தான் தொடங்கினாள். "கல்யாணம் ஆயி வந்து கால் வச்சது இந்த வாசப்படியிலதாங்க. ரெண்டு புள்ளய இங்கதான் பெத்தேன். ஒண்ணை இங்கேருந்துதான் தூக்கிட்டுப் போனாங்க. அடுப்பு நான் போட்டது. சொவரு நான் வச்சது. வருசா வருசம் வெள்ளம் வந்து கரைச்சிட்டுப் போவுது, வருசா வருசம் வச்சிகிட்டுத்தான் இருக்கேன், கோழியா வந்து சொவரு வச்சிச்சு?" சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. பூட்டி வைத்த பேச்சு முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. தோப்பில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

அக்கரையில் தட்டி சரிந்து விழுந்தது.

மூங்கில் பாலத்தின் மேல் அவை வரிசையாக வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, கொண்டைகள் ஆட. கூட்டம் வழி விட்டது. யாரும் விரட்டவில்லை. விரட்டியிருந்தாலும் அவை போயிருக்காது.

"நான் சொல்லல?" என்றார் பஞ்சநதம்.

இன்ஸ்பெக்டர் கோழிகளைப் பார்த்தார். அப்படி ஒன்றை அவர் முன்பு பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அம்சத்தைப் பார்த்தார். "இதுக்கும் ஒனக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். கீழே பார்க்கவில்லை. இரண்டு கையும் இடுப்போடு ஒட்டிக் கிடந்தன. "நான் குடியிருக்கேன். அது வரும், போவும்."

கோழிகள் அவளைச் சுற்றி நின்று தலையைச் சாய்த்துக் கேட்டன. அடுத்த சொல் வரவில்லை. ஒரு பெட்டை அவளுடைய வலது பாதத்தின் மேல் ஏறி, மயிரைச் சிலிர்த்துப் பரப்பி, அடை உட்காருவதுபோல் உட்கார்ந்துகொண்டது. பாதம் தெரியவில்லை.

"சரி, அடுப்பைக் காட்டு, வா" என்று இன்ஸ்பெக்டர் வாசலில் குனிந்தார். குனிந்தவர் அவளுக்காக நின்று திரும்பிப் பார்த்தார். பஞ்சநதமும் பார்த்தார். ரெத்தினம், காலை உதறு என்று கண்ணால் சாடை காட்டினார். உதறினால் போதும்.

அம்சம் நேராக முன்னால் பார்த்தபடியே, கோழியின் நெஞ்சுக்கு அடியிலிருந்து பாதத்தை உருவத் தொடங்கினாள். முதலில் குதிகாலைத் தூக்கி, பிறகு ஒவ்வொரு விரலாக, அது அசையாதபடி.