இடைவேளைக்கு முன்பே செத்தவள்

படத்தில் பெரியக்கா இடைவேளைக்கு முன்பே செத்துப்போனாள். சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் வெளியே அடைமழை, தலைமாட்டில் மெழுகுவத்தி, பின்னணியில் புல்லாங்குழல் என்று குறை வைக்காமல் சாகடித்தார்கள். தியேட்டரில் மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை. நிஜப் பெரியக்கா உயிரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டுக்காரி தன் சாவுக்குத் தேம்பித் தேம்பி அழுவதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அவளைவிட வயதானவர்கள் அங்கே இருந்தும் எல்லோருக்கும் அவள்தான் பெரியக்கா. அவள் குரலுக்கு அப்படி ஒரு மரியாதை. மகள் பளு தூக்கும் வீராங்கனை. வெளிநாட்டில் போய் மெடல் வாங்கி வந்தாள். வந்த கையோடு ஒரு சினிமாக் கம்பெனி வாசலில் வந்து நின்றது. உண்மைக் கதை என்று போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். என்ன உண்மையோ, அந்தப் புண்ணியவான்களுக்கே வெளிச்சம்.

அவர்கள் கதை கேட்க வந்த நாளெல்லாம் பெரியக்காவுக்குப் பகல் ஷிப்ட். வீட்டுக்காரர் சும்மா இருந்தார். அவர் எப்போதுமே சும்மாதான் இருப்பார். டீயை உறிஞ்சிக்கொண்டே, மகளை விடியற்காலையில் எழுப்பியது, சைக்கிளில் வைத்துப் பயிற்சிக்குக் கொண்டுபோனது, முழங்காலுக்குத் தைலம் தேய்த்தது எல்லாம் தான்தான் என்று அளந்துவிட்டார். பெண்ணுக்குத் தோள் அகலமாகிவிட்டால் எவன் கட்டிக்கொள்வான் என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்த மனுஷர். ஒரு போட்டிக்காவது எட்டிப் பார்த்தது கிடையாது.

செத்ததைக்கூடப் பெரியக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல் போனது ஒரே ஒரு வார்த்தை.

சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை மூட்டையை இரண்டு பேராகத்தான் தூக்க வேண்டும். முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு போய்விடும். அதனால் ஒருத்தி "உக்காரு" என்று குரல் கொடுப்பாள். இருவரும் குந்தி, பாரத்தைத் தொடையில் வாங்கி, ஒன்றாக எழுவார்கள். குரல் கொடுப்பது பெரியக்காவின் வேலை. மகளின் முதல் போட்டியன்று பார்க்கப் பயந்து மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள், மகள் பெயரை அறிவித்ததும் பழக்கதோஷத்தில் "உக்காரு" என்று கத்திவிட்டாள். அரங்கமே சிரித்தது. மகளும் சிரித்துக்கொண்டே குந்தி, தூக்கிவிட்டாள். அதுவே வழக்கமாகிப்போனது. பெரியக்கா இன்றுவரை மேடையைப் பார்த்ததில்லை. சரியாகத் தூக்கி நிறுத்தினால் பஸ்ஸர் அடிக்கும். அதன் பிறகு எடைக்கம்பி தரையில் விழுந்தால் மகள் ஜெயித்தாள். கம்பி முதலில் விழுந்தால் போச்சு. காதை வைத்தே எல்லாம் தெரிந்துகொள்வாள்.

படத்தில் அந்த வார்த்தையை அப்பா கத்தினார். முன்வரிசையில், மீசையை முறுக்கிக்கொண்டு. தியேட்டரில் விசில் பறந்தது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு காபி போடேன் என்றார்.

"செத்தவகிட்ட காபி கேக்காதீங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். மறுநாள்தான் புரிந்தது. தனக்கு மட்டும் சமைத்தாள், தன் துணியை மட்டும் துவைத்தாள். அவர் சட்டையைத் தேடினால், செத்தவளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்பாள். சலவைக்கூடத்தில் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு பெரியக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

பயிற்சி முகாமிலிருந்து மகள் வந்தாள். அவள் மேல்தான் பெரியக்காவுக்கு ஆத்திரம் அதிகம். அந்த மனுஷர் புளுகினார் என்றால், இவளுக்கு உண்மை தெரியுமே. கதையைப் படித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டாள். மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். யாராவது ஒருத்தர் செத்தால்தான் ஜனங்கள் அழுவார்கள் என்றார்களாம். அப்பா வேஷத்துக்குப் பெரிய நடிகரைப் பிடித்துவிட்டார்களாம், அவரைக் கொல்ல முடியாதாம்.

"படம்தானேம்மா. நிஜத்துல நீ இருக்கியே."

"இருக்கேன்னு யாருக்குடி தெரியும்?"

அடுத்த போட்டி உள்ளூரில்தான், வருவாயா என்று மட்டும் கேட்டாள் மகள். பெரியக்கா தன் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

ஆனால் போனாள். பெற்ற வயிறு கேட்குமா? வாயை மட்டும் திறப்பதில்லை என்ற முடிவோடு போய், கடைசி வரிசையில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முன்வரிசையில் வீட்டுக்காரர், தானே தேய்த்துக் கருக்கிய சட்டையில். அவரைச் சுற்றி டிவிக்காரர்கள்.

முதல் வாய்ப்பில் கம்பி முதலில் விழுந்தது. இரண்டாவதிலும் அப்படியே. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதுவும் போனால் போட்டியே போச்சு.

வீட்டுக்காரர் எழுந்து நின்று "உக்காரு" என்று கத்தினார். படம் பார்த்த கூட்டம் சும்மா விடுமா? அரங்கம் முழுக்க உக்காரு, உக்காரு என்று ஒரே கூச்சல். பெரியக்காவுக்கு ரத்தம் கொதித்தது. இடுப்பொடிய மூட்டை தூக்கிச் சம்பாதித்த வார்த்தையைக் கடைத்தெரு ஊதல் மாதிரி ஆளாளுக்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று கூச்சல் அடங்கியது.

"எல்லாரையும் கையைக் காட்டி நிறுத்திட்டா," என்றான் பக்கத்தில் இருந்தவன். "ஏன் சும்மா நிக்கிறா? டைம் ஓடுதே."

ஏன் நிற்கிறாள் என்று பெரியக்காவுக்குத் தெரியும். நிற்கட்டும் என்று பல்லைக் கடித்தாள். என்னைச் சாகடித்தபோது நீ வாயைத் திறந்தாயா? இப்போது நான் மட்டும் ஏன் திறக்க வேண்டும்? மகளும் அசையவில்லை. கம்பியைத் தொடக்கூட இல்லையாம், பக்கத்தில் இருந்தவன் புலம்பினான். யாரோ உச்சுக் கொட்டினார்கள். பெற்றவளுக்கு இருக்கும் அதே பிடிவாதம் அந்தப் பெண்ணுக்கும் இருந்தது.

"உக்காருடி!"

ஆசையாக ஒன்றும் கத்தவில்லை. அத்தனை நாள் கோபத்தையும் சேர்த்துக் கத்தினாள்.

பஸ்ஸர் அடித்தது. பிறகு கம்பி விழுந்தது.

டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு ஓடி வந்தாள். மேடையிலிருந்து உங்களைத்தான் கை காட்டுகிறார்கள், நீங்கள் யார் என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"படத்துல காய்ச்சல்ல செத்தாளே, அவதான்," என்றாள் பெரியக்கா. "நல்லாப் பக்கத்துல வந்து எடும்மா."